எலிக்குத் தலையிடிக்குமா?

நோய்களுள் சில உயிரைக் குடிப்பவை. வேறு சில உயிரை விட்டுவைத்து வாழ்நாளைக் குடிப்பவை. ஒற்றைத் தலையிடி என்றும் கபாலக் குத்து என்றும் நம்மவர் கூறும் நோய் இவற்றுள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நெற்றிப்பொட்டின் ஒரு புறத்தில் மெல்லத் தொடங்கி, நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்து, குமட்டலையும் வாந்தியையும் கூட்டிவந்து, வெளிச்சத்தையும் ஓசையையும் பகையாக்கி, நோயாளியை இருட்டறையிலே கிடத்திவிடும். நான்கு மணி நேரத்தில் விட்டாலும் விடும்; மூன்று நாள் நீடித்தாலும் நீடிக்கும். உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இந்நோயால் வருந்துகின்றனர் என்றும், ஆண்களைக் காட்டிலும் பெண்களிடையே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்றும் கணக்கெடுத்தோர் கூறுவர்.

நோய் தணிந்ததும் நோயாளி எழுந்து நடமாடுவார். உடலில் காயமுமில்லை, காய்ச்சலுமில்லை. ஆகவே, "வேலைக்குக் கள்ளம், வெறும் பாசாங்கு" என்று வீட்டார் நினைப்பதும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத இந்நோவுக்குப் புதிய மருந்தொன்றை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? மனிதனுக்குக் கொடுக்குமுன் அதை எதிலே சோதித்துப் பார்க்கிறார்கள்? "எனக்குத் தலையிடிக்கிறது" என்று எலி வாய்திறந்து சொல்லுமா? சிறுபிள்ளையின் கேள்விபோலத் தோன்றும் இதுவே, கடந்த அரை நூற்றாண்டாக விஞ்ஞானிகளை அலைக்கழித்த பெருங்கேள்வியாகும்.

மனிதனுக்கு முன்னே உள்ள படிகள்

புதிய மருந்தொன்று நோயாளியின் கையை அடையுமுன் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, உடலில் எந்தப் பொருளைத் தடுத்தால் அல்லது தூண்டினால் நோய் தணியும் என்று குறிப்பது. உடலின் கலங்களில் பூட்டுக்களைப் போன்ற ஏற்பிகள் உள்ளன. உடலிற் சுரக்கும் இரசாயனப் பொருள்கள் அவற்றுக்குத் திறவுகோல்கள். திறவுகோல் நுழையாதபடி பூட்டின் துவாரத்தை அடைப்பதோ, வேறொரு திறவுகோலால் அதைத் திறப்பதோ மருந்தின் தொழில். இரண்டாவது, அத்தொழிலைச் செய்யவல்ல சேர்வைகளை ஆயிரக்கணக்கில் ஆக்கி, கண்ணாடிக் கலங்களிலே சோதித்துச் சிலவற்றைத் தெரிந்தெடுப்பது. மூன்றாவது, அவற்றை இரத்தக்குழாய்த் துண்டுகளிலும் பின்னர் உயிருள்ள பிராணிகளிலும் பரீட்சிப்பது. நான்காவது, நஞ்சுச் சோதனை. பாரம்பரியப் பொருளைச் சிதைக்கிறதா என்று பக்டீரியாக்களிலும், இருதயத்தின் தாளத்தைக் குலைக்கிறதா, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறதா, கருவைத் தாக்குகிறதா என்று பிராணிகளிலும் ஆராய்வர். பெரும்பாலும் எலியினம் ஒன்றும், நாய் அல்லது குரங்கு போன்ற வேறோர் இனமும் இதற்குப் பயன்படும்.

இத்தனை படிகளையும் கடந்து மனிதனை எட்டும் மருந்துகளிலும் பத்தில் ஒன்பது பின்னர் தோற்றுப்போகின்றன. ஏன் தோற்கின்றன என்பதற்கு ஒற்றைத் தலையிடியின் கதை நல்ல விடை தரும்.

தற்செயலாய் வாய்த்த மருந்துகள்

ஆரம்பத்தில் இவ்விதப் படிகள் எவையும் இருக்கவில்லை. ஐரோப்பாவில் 'றை' என்னும் தானியக் கதிரிலே படரும் ஏர்கட் என்ற பூஞ்சணம் மத்திய காலத்திற் பலரைக் கொன்ற நஞ்சாகும். அதை உண்டோரின் கைகால்கள் கருகி விழுந்தன. அந்நஞ்சிலிருந்தே 1918ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், சண்டோஸ் கம்பனியைச் சேர்ந்த ஆதர் ஸ்ரோல் என்பவர் ஏர்கொற்றமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களின் நடுப்பகுதியில் அது தலையிடிக்கு மருந்தாயிற்று. இரத்தக்குழாய்களை ஒடுக்குவதே அதன் குணமாகையால், தலையின் இரத்தக்குழாய்கள் விரிவதே நோயின் காரணம் என்ற கொள்கை வலுப்பெற்றது. 1938ஆம் ஆண்டில் ஜோன் கிரஹாம், ஹரோல்ட் வூல்ஃப் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், ஏர்கொற்றமின் கொடுத்ததும் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்புத் தாழ்வதையும், அதனோடு நோவு குறைவதையும் பதிவுசெய்து காட்டினர்.

தலையிடி வராமல் தடுக்கும் மருந்துகளும் அவ்வாறே தற்செயலாய்க் கிடைத்தவை. இருதய நோய்க்காக ஆக்கப்பட்ட புரொப்பிரனலோல் மருந்தை உட்கொண்ட நோயாளி ஒருவருக்கு நெஞ்சு நோவோடு தலையிடியும் நின்றது 1960களில் கவனிக்கப்பட்டது. வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் ஆக்கப்பட்ட மருந்துகளும் இந்நோய்க்கு இரவலாய் வந்தன. ஒற்றைத் தலையிடியைத் தடுப்பதற்கென்றே திட்டமிட்டு ஆக்கப்பட்டு, பரவலான பயன்பாட்டுக்கு வந்த மருந்துகளுக்கு உலகம் 2018ஆம் ஆண்டுவரை காத்திருந்தது.

நாயின் கால் நாளம்

தலையிடி வந்த வேளையில் தணிக்கும் மருந்தில் முதல் வெற்றி இங்கிலாந்தில் கிட்டியது. தலையிடியின்போது செரொற்றோனின் என்னும் பொருள் இரத்தத்தில் குறைவதையும், அதை நாளத்திற் செலுத்தினால் நோவு தணிவதையும் 1960களில் ஆராய்ச்சியாளர் கண்டிருந்தனர். ஆயினும் செரொற்றோனின் உடலெங்கும் உள்ள பூட்டுக்களைத் திறப்பது. குமட்டல், மூச்சுமுட்டு எனப் பல தொல்லைகள் விளைந்தன. தலையின் இரத்தக்குழாய்களை மட்டும் ஒடுக்கும் திறவுகோல் ஒன்று வேண்டும்.

கிளாக்சோ கம்பனியில் 1972ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சியைத் தொடங்கிய பற்றிக் ஹம்ஃபிறி அதற்கான தடயத்தை நாயின் காலிலுள்ள நாளத்திலே கண்டார். அந்நாளத் துண்டு செரொற்றோனினுக்குச் சுருங்கியது. ஆனால், அக்காலத்தில் அறியப்பட்டிருந்த தடுப்பு மருந்துகளால் அச்சுருக்கத்தைத் தடுக்க முடியவில்லை. ஆகவே இது வேறு வகைப் பூட்டு எனத் தெளிந்தார். அப்பூட்டுக்குப் பொருந்தும் சேர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கி, மயக்கமூட்டிய நாய்களிலே தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மட்டும் குறைப்பது எதுவென்று தேடினர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பின் சுமற்றிப்ரன் உருவாயிற்று. 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. தலைக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர், நோய் இருக்கும் இடமும் அதன் மருந்து வெளிப்படும் இடமும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்பதை இதனால் உணரலாம்.

எலி காட்டிய தவறான வழி

அடுத்த கட்டத்தில் விஞ்ஞானிகளை எலி ஏமாற்றியது. நோவின் ஊற்று வெறும் இரத்தக்குழாய் அன்று, மூளையுறையின் இரத்தக்குழாய்களைச் சுற்றி ஓடும் முப்பிரிவு நரம்பே என்னும் கொள்கையை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்கல் மொஸ்கோவிற்ஸ் வெளியிட்டார். அந்நரம்பை எலியிலே தூண்டினால் அதன் நுனிகளிலிருந்து சில பொருள்கள் கசிந்து, மூளையுறை வீங்குவதை அவர் குழுவினர் காட்டினர். ஏர்கொற்றமினும் சுமற்றிப்ரனும் இவ்வீக்கத்தைத் தடுத்தன. இனியென்ன, எலியின் மூளையுறை வீக்கத்தைத் தடுப்பதெல்லாம் மனிதனின் தலையிடியைத் தீர்க்கும் என்று கம்பனிகள் பல நம்பின.

வீக்கத்துக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையானது 'பொருள் பி' எனப்படுவது. அதைத் தடுக்கும் மருந்துகள் எலியின் வீக்கத்தை அடியோடு நிறுத்தின. 1990களில் நோயாளருக்குக் கொடுத்தபோதோ, போலிக் குளிசையைக் காட்டிலும் மேலான பலனைத் தரவில்லை. வேறு வழிகளால் அவ்வீக்கத்தைத் தடுத்த மருந்துகளும் அவ்வாறே வீழ்ந்தன. எலியில் ஆராய்ந்தது எலியின் வீக்கத்தையேயன்றி மனிதனின் நோவையன்று.

இரத்தம் சொன்ன உண்மை

அதே காலத்தில் வேறு இருவர் நோயாளியின் இரத்தத்தையே கேட்டுப் பார்த்தனர். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் எட்வின்சனும், ஆஸ்திரேலியாவின் பீற்றர் கோட்ஸ்பியும், தலையிடியால் துடித்துக்கொண்டிருந்தோரின் கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து, அதிற் கலந்துள்ள நரம்புப் பொருள்களை அளந்து 1990ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பொருள் பி கூடவில்லை. கூடியிருந்தது 'சி.ஜி.ஆர்.பி.' எனச் சுருக்கமாய் வழங்கும் வேறொரு பொருள். முப்பத்தேழு அமினோ அமிலங்கள் கோத்த இச்சிறு சங்கிலி, 1980களின் தொடக்கத்தில் எலியின் பாரம்பரிய அலகு ஒன்றை ஆராய்ந்தபோது அறியப்பட்டது. இரத்தக்குழாய்களை விரிப்பதில் மிக வல்லது. சுமற்றிப்ரன் கொடுத்ததும் நோவு தணிய, இதன் அளவும் தாழ்ந்தது. 2002ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஜெஸ் ஓல்சன் குழுவினர் இப்பொருளை நோயாளரின் நாளத்திற் செலுத்த, பலருக்கு வழக்கமான தலையிடியே வந்துவிட்டது. குற்றவாளி இதுவே என்பதற்கு இதனினும் மேலான சாட்சியம் வேண்டுமோ? இந்நால்வருக்கும், அதாவது மொஸ்கோவிற்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓல்சன் ஆகியோருக்கு, 2021ஆம் ஆண்டின் மூளை ஆராய்ச்சிப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஓர் அமினோ அமிலத்தின் விளையாட்டு

குற்றவாளியைத் தடுக்கும் முதல் மருந்தை ஜேர்மனியின் பேரிங்கர் இங்கெல்கைம் கம்பனியார் ஆக்கினர். ஓல்செஜிபன்ற் என்பது அதன் பெயர். ஆனால் அது எலியின் பூட்டிலே சரியாகப் பொருந்தவில்லை. மனிதனின் பூட்டை அது பற்றும் வலிமை எலியினதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். காரணம் வியப்பானது. பூட்டின் ஒரு பகுதியான புரதச் சங்கிலியின் 74ஆம் இடத்தில் மனிதனுக்கும் குரங்குக்கும் திரிப்ரொபன் என்ற அமினோ அமிலம் உள்ளது. எலிக்கோ அவ்விடத்தில் லைசின் உள்ளது. அந்த ஒன்றே இத்துணை வேறுபாட்டையும் விளைத்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் இம்மருந்து குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அவ்வாறு போகாதபடி, மாமொசெற் என்னும் சிறு குரங்கின் முகத்து இரத்த ஓட்டத்தில் அதைச் சோதித்து அதன் ஆற்றலை நிறுவினர்.

2004ஆம் ஆண்டில் வெளியான மனிதப் பரிசோதனையிலே இம்மருந்தைப் பெற்றோரில் நூற்றுக்கு 66 பேருக்கு இரண்டு மணி நேரத்துள் நோவு தணிந்தது. போலி மருந்து பெற்றோரில் தணிந்தது நூற்றுக்கு 27 பேருக்கு. ஆயினும் அதை நாளத்தின் வழியாகவே செலுத்த வேண்டியிருந்தது. நள்ளிரவில் தலையிடியால் எழும் நோயாளிக்கு அது எவ்வாறு உதவும்? விழுங்கும் குளிசை வேண்டியிருந்தது.

மிளகாய் செய்த உதவி

குளிசையைத் தேடிய மேர்க் கம்பனியாருக்கு உதவியது மிளகாய். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கப்சைசின் என்னும் பொருளைத் தோலிலே பூசினால் அவ்விடம் சிவந்து சூடாகும். மிளகாய் அரைத்த கை எரிவதை அறியாத இல்லத்தரசி நம் நாட்டில் இல்லை. அக்காரம் தோலின் நரம்பு நுனிகளைத் தூண்ட, அங்கிருந்து சி.ஜி.ஆர்.பி. கசிந்து இரத்தக்குழாய்களை விரிப்பதே அச்சிவப்புக்குக் காரணம். ஆகவே மருந்தை முதலிற் கொடுத்து, பின் குரங்கின் தோலிலும் சுகதேகிகளான தொண்டர்களின் முன்கையிலும் கப்சைசினைப் பூசி, சிவப்பு எவ்வளவு குறைகிறது என்று ஒளிக்கருவியால் அளந்தனர். எத்துணை மருந்து கொடுத்தால் பூட்டு அடைபடும் என்பது இவ்வாறு, ஒருவருக்கும் தலையிடி வருவிக்காமலே தெரிந்துவிட்டது.

கண்ணைச் சுருக்கும் சுண்டெலி

எலியை முற்றாகக் கைவிட்டார்களா? இல்லை, எலியிடம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். நைத்திரோகிளிசரின் தலையிடியை உண்டாக்கும் என்பது 1847ஆம் ஆண்டில் அதை முதலில் ஆக்கிய இத்தாலியரான சொப்ரேரோ காலத்திலிருந்தே தெரிந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அது தொழிலாளரை வருத்தியது. அதைச் சுண்டெலிக்குக் கொடுத்தால், மெல்லிய இழையால் முகத்தையோ பாதத்தையோ தொட்டாலும் அது துணுக்குற்றுப் பின்வாங்குகிறது. வெளிச்ச அறையும் இருட்டறையும் இணைந்த பெட்டியில் விட்டால், இருட்டையே நாடுகிறது. நோவு மிகும்போது கண்ணைச் சுருக்கி, கன்னத்தை உப்பி, காதைப் பின்னே சாய்க்கிறது. அம்முகக் குறிகளுக்குப் புள்ளியிடும் முறையொன்று 2010ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவாவில், மனிதப் பூட்டின் பகுதியைத் தாங்கிய சுண்டெலிகளையே உருவாக்கி, சி.ஜி.ஆர்.பி. அவற்றை வெளிச்சத்துக்கு அஞ்சச் செய்வதைக் காட்டினர்.

எனினும் இம்முறைகளிலும் குறை உண்டு. எடைக்கு எடை நோக்கினால், சுண்டெலிக்குக் கொடுக்கும் நைத்திரோகிளிசரின் மனிதனுக்குக் கொடுப்பதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இன்னொரு குறை நம் வீட்டுப் பெண்களைச் சார்ந்தது. நோயாளரிற் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் பெரிதும் பயன்பட்டவை ஆண் எலிகளே! 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர் சி.ஜி.ஆர்.பி.யை மூளையுறையில் இட்டுப் பார்த்தபோது, பெண் எலிகளே நோவுக் குறிகளைக் காட்டின. ஆண் எலிகள் வாளாவிருந்தன. ஆண் எலியை மட்டும் கேட்டிருந்தால், தலையிடி என்று ஒன்றே இல்லையென்று அது சொல்லியிருக்கும்.

ஈரல் விதித்த தடை

மேர்க் கம்பனியின் குளிசையான ரெல்கஜிபன்ற் 2008ஆம் ஆண்டில் பெரும் மனிதப் பரிசோதனையில் வெற்றி கண்டது. பின்னர், தலையிடி வராமற் காக்கவென நாள்தோறும் கொடுத்துப் பார்த்தபோது, சிலரின் இரத்தத்திலே ஈரல் நலிவைக் காட்டும் நொதிகள் உயர்ந்தன. பிராணிச் சோதனைப் படியைத் தாண்டி, ஆயிரக்கணக்கான மனிதருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து அது. எனினும் 2011ஆம் ஆண்டில் கம்பனி அதைக் கைவிட்டது. தலையிடி கொல்லாது, அதற்குக் கொடுக்கும் மருந்தும் கொல்லக்கூடாது. உயிர்காக்கும் மருந்துக்குப் பொறுக்கும் ஆபத்தை, தலையிடி மருந்துக்குப் பொறுக்கலாகாது என்பதே இதன் நியாயம்.

இத்தடையைச் சுற்றி இரு வழிகள் பிறந்தன. ஒன்று, பிறபொருளெதிரிகள் என்னும் பெரும் புரதங்கள். இவை குளிசை மருந்துகளைப்போல் ஈரலில் மாற்றப்படுவனவல்ல. மாதமொருமுறை ஊசியாற் போட்டாற் போதும். எரெனுமப் என்பது 2018ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பெரிய பரிசோதனையொன்றில் உயர்ந்த அளவைப் பெற்றோரில் சரிபாதியினருக்குத் தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தன. போலி மருந்து பெற்றோரில் அவ்வாறு குறைந்தது நாலில் ஒரு பங்கினருக்குச் சற்று அதிகம். மற்றது, ஈரலுக்குத் தீங்கற்ற புதிய குளிசைகள்: 2019இல் உப்றோஜிபன்ற், 2020இல் றிமெஜிபன்ற், 2021இல் அற்றோஜிபன்ற் ஆகியன வந்தன.

மனிதனிலிருந்து எலிக்கு

இப்போது தேடலின் திசையே மாறிவருகிறது. முன்னர் எலியிற் கண்டு மனிதனில் சோதித்தனர். இன்று மனிதனிற் கண்டு, காரணத்தை எலியில் ஆராய்கின்றனர். 'பகப்' என்னும் இன்னொரு நரம்புப் பொருளைச் செலுத்தினாலும் நோயாளருக்குத் தலையிடி வருவது கோப்பன்ஹேகனிற் காணப்பட்டது. அதன் பூட்டுக்களில் ஒன்றை மட்டும் அடைத்த மருந்து தோற்றது. அப்பொருளையே பற்றிப்பிடிக்கும் மருந்தொன்று, 2024ஆம் ஆண்டில் வெளியான நடுநிலைப் பரிசோதனையில், மாதத்துக்குரிய தலையிடி நாட்களில் 6.2ஐக் குறைத்தது, போலி மருந்து 4.2ஐக் குறைத்தது. இடைவெளி இரண்டே நாள்தான். ஆயினும் பழைய மருந்துகளாற் பயன்பெறாத நோயாளருக்கு மாதத்தில் இரண்டு நாள் சிறிதன்று.

தானமாய்க் கிடைத்த மனித இருதயத்தின் நாடித் துண்டுகளிலே, தலையிடி மருந்து இருதயத்துக்குத் தீங்கு செய்யுமா என்று ஒல்லாந்தின் றொற்றர்டாமில் நெடுங்காலமாகச் சோதிக்கின்றனர். 2022ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தி, மனிதப் பரிசோதனைக்கு முன் பிராணிச் சோதனை கட்டாயம் என்னும் விதியைத் தளர்த்தியது. வாயற்ற சீவன்களின் நோவைக் குறைப்பது அறம். மனிதக் கலங்களைச் சோதிப்பது பல வேளைகளில் அறிவும் ஆகும். ஆயினும் முழு உடலுக்கு நிகரான மாற்று இன்னும் கைவரவில்லை.

நெஞ்சிற் கொள்ள வேண்டியவை

"தலையிடிக்கு அதிசய மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைக் காணும்போது, மாணவர்கள் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது யாரிடத்திற் காணப்பட்டது? எலியிலா, கண்ணாடிக் கலத்திலா, மனிதரிலா? எலியிலென்றால், நம்பிக்கை கொள்ளலாம், கடைக்கு ஓடலாகாது.

குடும்பத்தலைவியரும் ஒன்றை நினைவிற் கொள்வார்களாக. சாதாரண நோவுக் குளிசைகளை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, சுமற்றிப்ரன் இனத்து மருந்துகளைப் பத்து நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் விழுங்கிவந்தால், அம்மருந்தே புதிய தலையிடியை விளைக்கும். திடீரென இடிவிழுந்தாற்போல் வரும் தலையிடியும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும், பார்வைக் குறைவும் கைகால் சோர்வும் சேர்ந்த தலையிடியும் கைமருந்துக்குரியவையல்ல. உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

எலிக்குத் தலையிடிக்குமா என்னும் கேள்விக்கு இன்றும் எவராலும் அறுதியிட்டு விடைகூற முடியாது. ஆனால் இக்கதை ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஆய்வுகூடங்கள் வழிதவறிய வேளையில் அவற்றுக்கு வழிகாட்டியது, "நோகிறது" என்று சொன்ன நோயாளியின் சொல்லும், அச்சொல்லை நம்பி எடுத்த சிறிதளவு இரத்தமுமே. விஞ்ஞானிகள் நம்பிய அச்சொல்லை வீட்டாரும் நம்புவார்களாயின், மருந்து வந்து சேருமுன்னரே நோயின் பாரத்திற் பாதி குறைந்துவிடும்.